பித்தளைப் பலகையில் உன் பெயர்

தூரத்திலிருக்கும் என் பிள்ளைக்கு,

அப்பா இந்தப் புலவாயோ ஊரின் யூதத் தொழுகைக்கூடத்துக்கு ரபியாக, மதகுருவாக வந்து இன்றோடு நாற்பது ஆண்டு. நம் சபையில் எஞ்சியிருக்கும் பதினான்கு பேரும் சேர்ந்து விழா எடுத்தார்கள். பரிசு, இறந்துபோன நம்மவர்களின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. பெயருக்குப் பெயர் ஒரு குட்டி பல்பு.

அப்பா ஒவ்வொன்றாக வாசித்தார். உன் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற மதத்துப் பொண்ணைக் கட்டினான்னு அவனைச் செத்தவனா நினைச்சு ஏழு நாள் துக்கம் அனுசரிச்சது நீங்கதானே, ரபி?" பலகையைச் செய்து கொண்டுவந்த சோலி தடுமாறினார். "அதான் சேர்த்துட்டோம்."

எரிந்துகொண்டிருந்த உன் பல்பை அப்பா வெறும் விரலால் திருகிக் கழற்றினார். "எம்புள்ள உயிரோட இருக்கான்யா" என்றார். விரல் கொப்புளித்துவிட்டது. மருந்து போட விடவில்லை.

மாதம் ஒருமுறை மணியடித்து, பேசாமல் வைத்துவிடும் போன் உன்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியுமாம், இன்றுதான் சொன்னார்.

அடுத்தமுறை அப்பா எடுத்தால், வைத்துவிடாதே.

உன் அம்மா