பலகையா, ரோலரா

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அம்மா, படகு மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. எனக்குத் தலைசுற்றல் முன்பு போல் அடிக்கடி வருவதில்லை, ஆனாலும் வண்டி ஓட்டக் கூடாது, குனிந்து எதையும் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் மாற்றமில்லை. அம்மா வாராவாரம் என்னை எடை மெஷினில் ஏற்றி இறக்குகிறாள், ராத்திரி என் தட்டிலிருந்து கொஞ்சத்தை அவளே எடுத்துக்கொள்கிறாள். இதுவும் டாக்டர் உத்தரவாக இருக்கும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதன் கதையே வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

படகை விற்றுவிடுங்கள் என்று நீ போனில் சொன்னது நியாயம்தான். உன் பேச்சைக் கேட்டு ‘விற்பனைக்கு’ என்று ஒரு அட்டையில் எழுதிப் படகின் மூக்கில் கட்டியும் வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏரிக்கு நடுவில் மோட்டாரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க நல்ல மனுஷனாக இருக்கிறேன், அது போனால் என்ன மிச்சம் என்று இருந்தது. அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் துணி மடித்துக்கொண்டே, டிரெய்லர்ல அந்தப் பலகைய எடுத்துட்டு ரோலர் போட்டுடலாம், நான் இறக்கி ஏத்துறேன், நீங்க சும்மா வந்து உக்காருங்க போதும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் டிரெய்லரில் கம்பளம் சுற்றிய இரண்டு நீளப் பலகைகள் இருக்குமே, படகு அதன்மேல் மெத்தையில் படுத்த மாதிரி படுத்திருக்கும், ஆனால் ஏரிச் சரிவில் ஆழம் இல்லாததால் தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் இறங்கும். அந்தத் தோள் இத்தனை நாள் என்னுடையது. ரோலர் என்றால் உருளைகள்மேல் தானே உருண்டு இறங்கும், தள்ளவே வேண்டாம், ஆனால் நம் படகின் அடித்தகடு அப்பளம் மாதிரி, ரோலர் படுகிற இடமெல்லாம் பாரம் ஒரே புள்ளியில் அழுத்திக் குழி விழுந்துவிடுமே என்று எனக்குக் கவலை. படகுக்கு வலிக்கும் என்றேன். அதுக்கு வலிக்கும், எனக்கு வலிக்காதாக்கும் என்று கேட்டாள். மூன்று நாள் நான் பலகை, அவள் ரோலர் என்று ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு திரிந்தோம்.

கடைசியில் எல்லாரும் பொறி என்று கூப்பிடும் வெல்டிங்காரரிடம் போனோம். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பெரிசா ரெண்டு மூணு போட்டாத்தான் சார் குழி விழும், சின்னச் சின்னதா நிறையப் போட்டு, ஒவ்வொரு ஜோடியும் படகு வளைவுக்குத் தக்கபடி சாயுற மாதிரி வெச்சா பாரம் பங்கு பிரிஞ்சிடும் என்றார். அவர் வேலையை முடித்த அன்று அம்மா படகை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஒரே ஒரு விரலைப் படகின் மேல் வைத்துத் தள்ளினாள். நகர்ந்தது. நான் பல்லைக் கடித்துத் தள்ளிய அதே படகு, ஒரு விரலுக்கு, அலமாரி இழுப்பறை மாதிரி நகர்ந்தது. நான் போய் என் விரலாலும் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன், பிறகு பொறியும் தள்ளிப் பார்த்தார்.

இனிதான் விஷயமே. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வண்டியைப் பின்னால் எடுத்தாள், நான் சரிவில் நின்று கை காட்டினேன். டிரெய்லர் சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் என் கை பழக்கதோஷத்தில் போய்ப் பட்டையைக் கழற்றிவிட்டது. பலகையாக இருந்தால் கழற்றினாலும் படகு அசையாது, அப்புறம்தானே தள்ளுவோம். இது ரோலர். படகு என்னைத் தாண்டிப் போயிற்று. சத்தம் இல்லை, தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. ஆளும் இல்லாமல் கயிறும் இல்லாமல், மதியச் சாப்பாட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது போல ஏரிக்குள் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆனால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, திட்டு வாங்கப் போகிறேன் என்பதையே மறந்துவிட்டேன்.

அம்மா இறங்கி வந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி, இதப் பிடிங்க என்று என்னிடம் கொடுத்தாள், செருப்பை ஓரமாக விட்டாள், கட்டியிருந்த துணியோடு தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு, மார்பளவு, அதற்கப்புறம் நடக்கவில்லை. நீந்தினாள். நம் அம்மா. உனக்குப் பாலூட்டி வளர்த்த, படகில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற அம்மா, தலையை ஒருபக்கம் திருப்பி மூச்சு வாங்கி, நிதானமாக, படகை எட்டிப் பிடித்து, பின்பக்கமாக ஏறி உட்கார்ந்து, முகத்தை வழித்துவிட்டு, மோட்டாரை முடுக்கித் திரும்பி வந்தாள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நின்றபடி நின்றேன். கரைக்கு வந்ததும், இனிமே அந்தப் பட்டையில கை வெச்சீங்கன்னா பாருங்க என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

நடு ஏரிக்குப் போய் மோட்டாரை அணைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது, எப்போது கற்றாய் என்று கேட்டேன். எனக்கு முதல்முதலாகத் தலைசுற்றிய மாதமே நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டாளாம். காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஈரத் தலையோடு வருவாளே, நடந்துவிட்டுத் தலைக்குக் குளிக்கிற சுத்தக்காரி என்று நான் பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசியிருக்கிறேன். நீங்க தலைசுத்தி உள்ள விழுந்தா நான் படகுல உக்காந்து கத்திக்கிட்டா இருக்க முடியும் என்றாள். நீந்த வந்ததும் ஆளை இழுத்துக் கரைசேர்க்கவும் சொல்லித்தரக் கேட்டிருக்கிறாள். அதற்கு ஒரு ரப்பர் பொம்மை கொடுத்தார்களாம், இவளுக்கு மனசு ஆறவில்லை, இது லேசா இருக்கு, எங்க வீட்டுக்காரர் எண்பத்திரண்டு கிலோ, அந்தக் கனத்துல ஒரு ஆள் வேணும் என்று கேட்டாளாம். குளத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெரிய உருவக்காரர் ஒருவர், பாவம், தினமும் வேலை தொடங்குமுன் தண்ணீரில் இறங்கி மூச்சுப் பேச்சில்லாத மாதிரி மிதப்பாராம், உன் அம்மா அவர் தாடையைப் பிடித்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இழுப்பாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள். என்னால் உடனே வாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் இவளை என்னதான் பார்த்தேன் என்று தோன்றியது.

ஆகவே படகு விற்பனைக்கு இல்லை. அந்த அட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் மண்டியிட்டுத்தான் இப்போது ரோலர்களுக்கு கிரீஸ் வைக்கிறாள். தகட்டில் இதுவரை ஒரு குழியும் இல்லை, நான் அவளுக்குத் தெரியாமல் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல். கடைசியாக ஒன்று, மாதாமாதம் நீ அனுப்பும் அந்தச் சாக்லேட் பெட்டியை இனிமேல் அனுப்பாதே. அம்மா எண்பத்திரண்டு கிலோவுக்குத்தான் பழகியிருக்கிறாள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா