கடைப் பரணில் இருந்த சின்ன மெத்தை

என் வாலுப் பெண்ணுக்கு,

நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. இதையெல்லாம் அம்மாதான் எழுதியிருக்க வேண்டும், அவள் காகிதத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டாள். பெண்கள் சமாசாரத்தை அப்பா எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே, என் கூச்சமெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போய்விட்டது.

அக்காவுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். மாதக்கணக்கில் விலக்கு வராது, அவளும் தொல்லை விட்டது என்று வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வந்தது, வந்தது நிற்கவே இல்லை. கர்ப்பப்பைக்கு உள்ளேயிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டுக்கொண்டு மெத்தையை வைத்தே விளக்கினார். கர்ப்பப்பை மாதாமாதம் உள்ளே மெத்தை விரிக்குமாம், பிள்ளை தங்காவிட்டால் சுருட்டி வெளியே போட்டுவிடுமாம். அக்காவுக்கு முட்டை வெளிவராததால் சுருட்டச் சொல்லும் ஹார்மோன் சுரப்பதில்லை, விரிக்கச் சொல்லும் ஹார்மோன் ஓய்வதில்லை. அந்த மெத்தை தடித்துக்கொண்டே போய்ச் சதையின் குணமே மாற ஆரம்பித்துவிட்டது, புற்றுநோய் இன்னும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆயுள் முழுக்க மெத்தை தைத்தவனிடம் சொல்கிற கதையா இது?

பிள்ளை வேண்டும் என்று அக்கா கெஞ்சியதால் முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி சதை எடுத்தார்கள், குறையவில்லை, கூடியிருக்கிறது. இனி கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன், எனக்கு அவ இருந்தா போதும் மாமா என்கிறார், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. நேற்று கடைக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமான புதிதில் மிச்சத் துணியில் ஒரு சின்ன மெத்தை தைத்துப் பரணில் வைத்தேனே, பொம்மைக்காப்பா என்று நீகூடக் கேலி செய்வாயே, அதை இறக்கச் சொன்னாள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பிரிச்சிடுங்கப்பா, பஞ்சு யாருக்காவது தலையணைக்கு ஆகும் என்றாள். கத்திரியை எடுத்தேன், ஒரு தையலைக்கூட என்னால் வெட்ட முடியவில்லையம்மா. அவளே வாங்கிப் பிரித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நம்பிக்கை என்று ஒன்றும் மிச்சமில்லை, கடவுளைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

பிரித்துக்கொண்டே அவள் சொன்னதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கும் மாசக்கணக்கா வரலை, நிம்மதியா இருக்கேன் என்று நீ போனில் அவளிடம் சிரித்தாயாமே. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்பா என்று சொல்லி அப்போதுதான் அழுதாள். அவளை உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க என்றாள். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரிசெய்துவிடலாமாம். தட்டிக்கழிக்காதே.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அக்காவுக்குப் போன் செய்தால் ஆறுதல் எதுவும் சொல்லாதே, எதுவும் அவளைத் தொடாது. போய்க் காட்டிவிட்டேன் அக்கா என்று மட்டும் சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா