பூநாரை ஏரியில் அப்பா மாட்டிக்கொண்டது

எண்ணூர் குப்பம்

அன்பு மகன் ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த ஆளில்லாத் தீவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போன் போட்டால் உனக்கு சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் பார்சலோடு இதை வைக்கிறேன். உன் தங்கை சாண்ட்ரா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், மாங்காய் கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் அவரை வனத்துறை கார்டு பிடித்துவிட்டார். பயப்படாதே, வீட்டில்தான் இருக்கிறார். நம் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் கம்பெனி எண்ணெயும் போக மீனுக்கு ஏது இடம், அவரும் ஜாபர் மாமாவும் படகை எடுத்துக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் போயிருக்கிறார்கள். மடவை மீன் கூட்டத்தின் பின்னாலேயே போய், பூநாரை மேய்கிற, வலை போடக்கூடாத இடத்தில் வலையை விரித்துவிட்டார்கள். தெரியாமல் போனார் என்று நான் சொல்லமாட்டேன், உன் அப்பாவுக்குத் தெரியாத தண்ணீரா? பறவையெல்லாம் ஒன்றாக எழும்பியதைப் பார்த்து கார்டு வந்துவிட்டார். உன் வயதுதான் இருக்குமாம். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் புது வலையை எடுத்துக்கொண்டாராம்.

அப்போது ஜாபர் மாமா அப்பாவிடம், உன் மகனும் மன்னார் வளைகுடாவில் கார்டுதானே, ஒரு வார்த்தை சொல், வலையைக் கொடுத்துவிடுவார் என்று காதைக் கடித்திருக்கிறார். அப்பா படகைக் கிளப்பிவிட்டாராம். திரும்பும்போதுதான் சொன்னாராம், "எம்புள்ளயும் இந்தக் காக்கிச் சட்டதான் போட்டுகினு கீறான். அவன் பேரச் சொல்லி நான் தப்பிச்சிகினா, அங்க அவன் எப்படிபா நிமிந்து நிப்பான்?" மீன்காரன் பிள்ளை மீன்காரனையே பிடிக்கப் போகிறானா என்று கத்திவிட்டு, நீ வேலைக்குப் போன நாளிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுஷன். ஜாபர் மாமா வந்து சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

உன் தீவுப் பக்கம் யாராவது வந்து மாட்டினால் உன் கடமையைச் செய் கண்ணு, ஆனால் முதலில் தண்ணீர் கொடு. வெயிலில் தொப்பி போடு, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ஆண்டவர் உன் கூடவே இருப்பார்.

பார்சலில் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. நான் வாங்கவும் இல்லை, கட்டவும் இல்லை. மேலே உன் பேர் எழுதியிருப்பது யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டு, கரைக்கு வருகிற அன்று அவருக்கு போன் போடு.

உன் அம்மா,
ஆலிஸ் லூயிஸ்