அடிக்காத ஏழு கோடுகள்

போர்டிகோ தளத்தைத் தாங்கி நின்ற அந்த முட்டுகளை யாருக்காக நாள் ஆகுமுன்பே பிரித்தாய்? கிரகப்பிரவேசத்துக்கு அவசரப்பட்ட வீட்டுக்காரருக்காகவா, எனக்காகவா? ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று கிருமாம்பாக்கத்திலிருந்து திரும்பும்போது அந்த வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். போர்டிகோவை வேறொரு மேஸ்திரி மறுபடி கட்டிவிட்டார். பக்கச் சுவரில் என் வகுப்புப் பிள்ளைகள் கரியால் போட்ட இருபத்தோரு கோடுகள் அப்படியே இருக்கின்றன. பதினான்கைக் குறுக்கே அடித்திருந்தார்கள். ஏழு அடிக்காமல் நின்றன. பெயின்ட் அடிப்பவர், அந்தச் சுவரை நாளை விடிந்ததுமே முடித்துவிடுவேன் என்றார்.

அந்தக் கோடுகள் உன் ஏற்பாடு. பாகூரில் ஒன்றாகப் படித்த உரிமையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ கட்டும் வீட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். செங்கல்லைப் பார்த்துவிட்டு வந்து என்ன கற்கப்போகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. நீ தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையோடு ஒரு பெண்ணை அடுத்த அறைக்கு அனுப்பினாய். சுவருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றதைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள். "இன்னா டீச்சரு, உன் புக்குல இது இருக்குதா?" என்று சீண்டினாய்.

போர்டிகோவுக்குத் தளம் போட்ட அன்று வீட்டுக்காரர் வாங்கித் தந்த பிரியாணியைப் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தாய். சாப்பிட்டு முடித்ததும், தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டையைத் தட்டிக் காட்டினாய். "தளம் வெளிய காஞ்சிடுச்சினு நம்பாதீங்கடா. உள்ள பச்சையாத்தான் இருக்கும். இருவத்தோரு நாளு. அதுக்குள்ள முட்டப் புடுங்குனா எவனும் கீழ நிக்கக் கூடாது. நானே கூப்ட்டாலும் வரக் கூடாது." பள்ளிக்கு வரும் வழியில் தினம் ஒரு பிள்ளை ஒரு கோட்டை அடிக்கும்.

முட்டு பிரிப்பதையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தாய். இருபத்தோராம் நாள் காலாண்டுத் தேர்வுக்குள் போய் விழுந்தது. உனக்குப் போன் செய்து, கொஞ்சம் முன்னாலேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன்.

"வீட்டுக்காரரும் அதத்தான் நச்சரிக்கிறாரு. வியாழக்கெழம பத்து மணிக்குக் கூட்டினு வா."

கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். வியாழக்கிழமைக்கு எத்தனையாவது கோடு என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று ஒன்பதரைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் வருமுன் முதல் சில முட்டுகளை நீயே எடுத்துப் பார்க்க நினைத்திருக்கிறாய். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போர்டிகோவுக்குக் கீழே போனாயாம். தளம் உன்மேல் இறங்கியது. செய்தி வந்தபோது வரிசையில் இரண்டாவதாக உன் மகள் நின்றிருந்தாள்.

அந்தப் போனைப் பற்றி உன் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. துக்கத்துக்கும் போனேன், பதினாறாம் நாளுக்கும் போனேன். எல்லாரும் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன். உன் மகள் பல நாள் என் வண்டியில்தான் பள்ளிக்கு வருகிறாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. எங்காவது புதுத் தளத்தின் கீழே நின்றால் இப்போதெல்லாம் என் வாய் தானாக எண்ணுகிறது. எண்ண வேண்டிய நாளில் எண்ணவில்லை.

நாளைக் காலை உன் மனைவியிடம் சொல்லிவிடப் போகிறேன்.

மறுநாள் நடந்தது இது. உன் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் சோற்று டப்பாவை மூடினாள்.

"தெரியும் டீச்சர். நீங்க போன் பண்ணப்ப பக்கத்துலதான் இருந்தேன். இன்னும் நாள் ஆவலயேன்னேன். டீச்சரு கேக்குது, எப்பிடி மாட்டேன்றதுன்னாரு."

ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எம்பொண்ணு உங்க கிளாஸ்ல எப்பிடி உக்காரும்?"

மகள் பையோடு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். வண்டியில் ஏறினாள். அந்த வீட்டைத் தாண்டும்போது சுவர் முழுக்க வெள்ளையாகியிருந்தது. பள்ளி வரும்வரை அவள் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.