சுவரில் பத்தொன்பது சட்டை வால்கள்

நவம்பர் 3, ஞாயிறு

வேட்டைச் சாமான் வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிக் கால்சட்டை, ஆரஞ்சு மேலங்கி, இழுவைக் கயிறு, இரண்டு கத்தி, கலைமான் போல உறுமும் ஊதல். போன வருஷம் துணிகளுக்கு இடையே வைத்த தேவதாருக் கிளைகள் சருகாகிவிட்டன. வாசனை மட்டும் அப்படியே. சோப்பு வாசனையோடு காட்டுக்குள் போனால் மான் அரை மைலுக்கு அப்பாலேயே மூக்கைத் தூக்கிவிடும் என்பார் அப்பா. பதினைந்து நாள் முன்பிருந்தே வீட்டில் யாரும் வாசனை சோப்பு போடக்கூடாது. சின்ன வயசில், பள்ளியில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி அழுதாள்.

ஆர்லனுக்கு அட்டை எழுதிப் போட்டேன். "பதினஞ்சாம் தேதி கேபினுக்கு வரியா? உன் படுக்கை அப்படியே இருக்கு." போன வருஷமும் இதைத்தான் எழுதினேன். அதற்கு முந்தின வருஷமும். கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். எஸ்கனாபா என்ற ஊரில், வண்டியில் இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வரும், அதில் "மார்லிஸுக்கு" என்று இருக்கும். அக்கா இல்லை. மார்லிஸ்.

நவம்பர் 9, சனி

கேபினைக் கூட்டிப் பெருக்கினோம், நானும் சுலோவும். சுலோ ஆர்லனின் பள்ளித் தோழன். ஆர்லன் வராமல் போன பிறகும் எனக்காக வந்துகொண்டிருக்கிறான். மெத்தைக்குள் எலிக் குடும்பம். "வாடகை குடுக்காம மூணு தலைமுறையா இருக்குதுங்க" என்றான்.

அடுப்புக்கு மேலே சட்டை வால்கள் வரிசையாக. சுட்டுக் குறி தவறியவன் சட்டையின் பின்பக்க வாலை அன்றைக்கே வெட்டி, பெயரும் தேதியும் எழுதி ஆணியடிப்பது இந்தக் கேபினில் அப்பா காலத்துச் சட்டம். எண்ணினேன், பத்தொன்பது. அப்பாவுடையதே நாலு. என்னுடையது இரண்டு. கடைசி வால் மட்டும் தடித்த கம்பளி, சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது. "ஆர்லன், நவம்பர் 20, 2021." எழுத்து என்னுடையது.

சுலோ அதைப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் கழட்டிடலாமே, மார்லிஸ். யாரு கேக்கப் போறா?" என்றான்.

"சட்டம்னா சட்டம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கொழுப்பு.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று வருஷம் முன்பு அன்று நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

அப்பா போன பிறகு வந்த முதல் சீசன். அவருடைய துப்பாக்கியும் கட்டம் போட்ட சட்டையும் ஆர்லனுக்குப் போயின. அப்படித்தான் அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆர்லன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தத் துப்பாக்கியோடு மேட்டுப் பரணில் உட்கார்ந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வெடி. நானும் சுலோவும் ஓடினோம். நூற்றிருபது கஜத்தில் பெரிய கலைமான், தோளில் பட்டது, நன்றாகப் பார்த்தேன் என்றான் ஆர்லன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை, மயிர் இல்லை. மணிக்கட்டுப் பருமனில் ஒரு இளமரம் மட்டும் நெஞ்சுயரத்தில் பிளந்து நின்றது.

"மரத்தைச் சுட்டுட்டியேடா! மரத்துக்கு லைசென்ஸ் டேக் கட்டி இழுத்துட்டுப் போவோமா?" என்றேன். சுலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, பட்டிருக்கு. அது எங்கயோ படுத்துக் கிடக்கும். விளக்கு எடுத்துட்டு வா, தேடுவோம்."

நான் போகவில்லை. கேபினுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். "இது அப்பா சட்டை அக்கா. வேற சட்டை மாத்திட்டு வரேன், அதை வெட்டு" என்றான். "எதைப் போட்டுக்கிட்டுச் சுட்டியோ அதைத்தான். சட்டம்னா சட்டம்" என்று சொல்லி வெட்டிவிட்டேன். அவன் அசையாமல் நின்றான். முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகுப் பக்கம் நின்றிருந்தேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் தனியாகச் சதுப்பு முழுக்கத் தேடினான். நாலாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

நவம்பர் 14, வியாழன்

நாளைக்கு சீசன் திறப்பு. பள்ளிக்கூடமெல்லாம் விடுமுறை. கேபினில் அடுப்பு பற்றவைத்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ஆறு சுட்டேன். இரண்டு பேருக்கு எதற்கு ஆறு என்று சுலோ கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

நாலு மணி. பாதையில் வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். விறகு வண்டி.

நவம்பர் 15, வெள்ளி

வடமேற்குக் காற்று. அதனால் கிழக்குப் பரண். சதுப்பிலிருந்து வரும் தடம் முகத்துக்கு நேராக, என் வாசனை முதுகுக்குப் பின்னால் போய்விடும். நாள் முழுக்க ஒரு பிணைமானும் இரண்டு குட்டிகளும். விட்டுவிட்டேன்.

குளிரில் உட்கார்ந்திருந்தால் பழசெல்லாம் வருகிறது. இதே பதினைந்தாம் தேதி, எனக்குப் பன்னிரண்டு, ஆர்லனுக்கு ஆறு. அப்பா அவனைத் தன் கோட்டுக்குள்ளேயே வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு மேலே இரண்டு தலை. பெரிய மான் ஒன்று வந்து நின்றது. ஆர்லன் பரவசத்தில் "வணக்கம்!" என்று கத்திவிட்டான். மான் போயே போய்விட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. இன்றைக்கு அந்தப் பரணில் நான் தனியாகச் சிரித்தேன். கண்ணில் நீர் வந்து இமையிலேயே உறைந்தது.

நவம்பர் 16, சனி

காற்று மாறி மாறி அடிக்கிறது. போகவில்லை. கத்திகளைத் தீட்டினேன்.

நவம்பர் 18, திங்கள்

கிடைத்தது!

காலை ஏழே முக்கால். மான்கள் இணைசேரும் காலம்; ஊதலில் இரண்டு உறுமல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சதுப்பிலிருந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது, சண்டைக்கு ஆள் தேடுகிற மாதிரி. எண்பது கஜம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டேன். முப்பது அடி ஓடி விழுந்தது. கைகால் நடுங்கித் தீர பத்து நிமிஷம் ஆனது. நாற்பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் நடுங்குகிறது. நன்றி சொன்னேன், சத்தமாகவே.

வலது கொம்பு நாலு கிளையோடு கச்சிதம். இடது கொம்பு கோணிக்கொண்டு கீழ்நோக்கி வளர்ந்திருக்கிறது. சுலோ வந்து பார்த்துவிட்டு, "என்னமோ அடிபட்டிருக்கு இதுக்கு. ஒரு பக்கம் உடம்புல அடிபட்டா மறுபக்கக் கொம்பு கோணும்பாங்க" என்றான். தாடையைத் திறந்து பல் தேய்மானம் பார்த்து, ஆறு வயசு இருக்கும் என்றான்.

குடல் கிழியாமல் வயிற்றைத் திறந்து சுத்தம் செய்தோம். இதயத்தை வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கி மதியமே சாப்பிட்டோம். முதல் நாள் இதயம், அதுவும் அப்பா சட்டம். உடலை என் வீட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டாயிற்று. குளிர் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கிறது. ஐந்து நாள் தொங்கினால் கறி பதமாகும்.

நவம்பர் 23, சனி

முதலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் தோலை உரித்தேன். முதுகுச்சதை இரண்டையும் நீளமாக வழித்தெடுத்து, வெள்ளிச் சவ்வை உரித்து, மெழுகுத்தாளில் சுற்றினேன். பின்தொடைகளைத் தசை தசையாகப் பிரித்தேன். அப்பா அறுப்பார், நான் சவ்வெடுப்பேன், அம்மா சுற்றுவார், ஆர்லன் பொட்டலத்தின்மேல் பெயர் எழுதுவான். இரண்டாம் வகுப்பில் அவன் "தொடை" என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் "தடை" என்று எழுதி, அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் தடை சாப்பிட்டோம்.

பிறகு வலது தோள். அரைத்த கறிக்குத்தான் அது. தோள்பட்டை எலும்புக்கு அடியில் கத்தி நறநறவென்றது. நெல்லிக்காய் அளவில் ஒரு கெட்டி முடிச்சு. கீறினேன். உள்ளே தோட்டா.

என் தோட்டா இல்லை. என்னுடையது இடது விலாவில் போய் வெளியே வந்துவிட்டது. இது பழையது, சுற்றிலும் தசைநார் வளர்ந்து கூடு கட்டி மூடியிருக்கிறது. நுனி நசுங்கி, அடிப்பாகம் மட்டும் முழுசாக. நசுங்கிய ஈயத்தில் நார் நாராக ஏதோ. மரத்தூள். கடவுளே. மரத்தூள்.

முப்பது வருஷம் இயந்திரப் பட்டறையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துப் பிழைத்தவள் நான். அளவுக் கருவி இன்னும் சமையலறை இழுப்பறையில்தான் இருக்கிறது. அடிப்பாகத்தை அளந்தேன். மூன்று தடவை. முப்பத்திரண்டு ஸ்பெஷல் என்கிற பழைய ரகம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தோட்டா போடுகிற துப்பாக்கி வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. அப்பாவுடையது ஒன்றுதான்.

சுலோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "நாம சிரிச்சோமே, மார்லிஸ்" என்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

அந்த இளமரத்தைப் போய்ப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் புடைத்து ஆறியிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தழும்பு, அந்தப் பக்கமும் ஒரு தழும்பு. துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. வேகம் செத்துப்போய்த் தோளோடு நின்றுவிட்டது. அன்றைக்கு மரத்தைச் சுற்றி மூன்று அடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். ஊரான் செய்த இரும்பையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், தம்பி சொன்னதை ஒரு பக்கம்தான் பார்த்தேன்.

ஏன்? எழுதிவிடுகிறேன். பொறாமை. அவனைவிட நான்தான் நன்றாகச் சுடுவேன், அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் துப்பாக்கியும் சட்டையும் அவனுக்கு. கத்தரிக்கோல் என் கையில் இருந்தபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்த வரியை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

அட்டை எழுத உட்கார்ந்தேன். கிழித்துப் போட்டேன். இது அட்டையில் எழுதுகிற விஷயமா?

நவம்பர் 26, செவ்வாய்

எஸ்கனாபா போய் வந்தேன். ஐஸ் பெட்டியில் முதுகுச்சதை ஒன்று முழுசாக, சட்டைப்பையில் தோட்டா, உறைக்குள் சட்டை வால். கேபின் வழியாகப் போய் ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி ட்ரூடி. "பின்னாடி இருக்காரு, பனி தள்ற வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு" என்றாள். என்னை உள்ளே வரச் சொல்லலாமா என்று அவளுக்கே தெரியவில்லை பாவம்.

ஆர்லன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். தாடி நரைத்திருக்கிறது. தோட்டாவை அவன் கையில் வைத்தேன். "என் டேக் கட்டின மானோட தோள்ல இருந்துச்சு. ஆறு வயசுக் கலைமான். மரத்துல புகுந்து போயிருக்கு. நீ சொன்னதுதான் சரி. நான் தேட வரலை. அந்தச் சட்டையை நான் வெட்டியிருக்கவே கூடாது. மன்னிச்சிடு."

தோட்டாவைத் திருப்பி, அந்த மரத்தூளை நகத்தால் தொட்டுப் பார்த்தான்.

"கொழுப்பு இருந்துச்சா அதுக்கு?" என்று கேட்டான்.

"முதுகுல ரெண்டு விரல் கனம். நல்லாத் தின்னு நல்லாத்தான் இருந்திருக்கு."

அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "எங்கயோ கிடந்து துடிச்சுச் செத்திருக்கும்னே நினைச்சேன் அக்கா. மூணு வருஷமா. அதான் துப்பாக்கியையே தொடலை." எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல், ட்ரூடி ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க.

நான் நினைத்துக்கொண்டிருந்தது சட்டைக்கான கோபம் என்று. அவனை அரித்தது அந்த மான்.

கேபினுக்கு வா என்றேன். "பாக்கலாம்" என்றான். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. உறையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 30, சனி

சீசன் முடிந்தது. மீதிக் கறியைப் பன்றிக்கொழுப்பு சேர்த்து அரைத்தேன். பொட்டலங்களில் நானே "தடை" என்று எழுதினேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

வாழ்த்து அட்டை வந்தது. "அக்காவுக்கு."

நவம்பர் 15, சனி

ஒரு வருஷம். மதியம். கேபின்.

நேற்று ஆறு பாஸ்டி சுட்டேன், ஒன்றுகூட மிச்சமில்லை. ஆர்லன் அப்பாவின் சட்டையில் வந்து இறங்கினான். ட்ரூடி வாலைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், கறுப்பு நூலில், கொஞ்சம் கோணலாக. காலையில் அவன் மேட்டுப் பரணில், நான் கிழக்கில். யாரும் சுடவில்லை. திரும்பி வந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கத்தரிக்கோல் சத்தம்.

"டேய், நான் இன்னைக்கு ஒரு குண்டுகூடப் போடலையே!"

"திரும்பாத. சட்டம்னா சட்டம்" என்றான் ஆர்லன். சுலோ என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான், துரோகி.

புது ஃபிளானல் சட்டை. சரக்கென்று போனது. பொட்டலத்துக்கு எழுதுகிற பேனாவை எடுத்து, என் பெயரும் தேதியும் எழுதினான். அதற்குக் கீழே கொஞ்சம் யோசித்து, "தவறவிட்டது: மூன்று சீசன்" என்று எழுதி, தன் வால் இருந்த பழைய ஆணி ஓட்டையிலேயே அடித்தான்.

முதுகில் குளிர் ஏறுகிறது. சுவரில் பத்தொன்பது இருக்கிறது. மூன்று மணிக்கு மறுபடி பரணுக்குப் போக வேண்டும்.