பிளவின் மேல் ஒட்டிய கண்ணாடி

ஜூன் 3

மூத்த பேரன் கப்பலில் இஞ்சினியர். அடுத்தவன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம். மகள் வயிற்றுப் பேத்தி கல்லையும் மண்ணையும் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்கப் படகில் வந்து இறங்குகிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வம்சம் இது. “கல்லைப் படிக்கவும் காலேஜா?” என்கிறாள் மீன்காரி. அவளுக்கென்ன தெரியும்.

ஜூன் 9

பேத்தி என்னைக் கைத்தாங்கலாக உச்சிக்கு ஏற்றினாள். மகனின் டீக்கடைக்கு முன்னால்தான் பார்வைமேடை. அங்கே நின்றால் தீவு முழுக்கத் தெரியும் — கவிழ்த்த சட்டி, ஒரு பக்கம் மட்டும் கடலுக்குள் உடைந்த மாதிரி. எதிர்க் குன்றைக் காட்டினாள்.

“மேல கருப்பா இருக்கே, அது நெருப்புக் குழம்பு ஆறிக் கல்லானது பாட்டி. அடியில வெளுப்பா தெரியறது சாம்பல். மழைத்தண்ணி இறங்குச்சுன்னா சோப்பு மாதிரி வழுக்கும்.”

“நாம நிக்கிற இடம்?”

“அதே கதைதான்.”

மேடையோரப் பாறையில் ஒரு பிளவு. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டினாள். “பிளவு விரியுதான்னு இதை வச்சுத் தெரிஞ்சுக்குவோம். யாரும் கை வைக்காமப் பாத்துக்கோங்க மாமா” என்றாள் என் மகனிடம்.

ஜூன் 24

மழை. முட்டி வலி.

ஜூலை 2

கண்ணாடி உடைந்து கிடக்கிறதாம். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் எங்கே உட்காருவது என்றில்லையா? “அவ வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவாளேம்மா” என்று மகன் ஜன்னல் கண்ணாடியை அறுத்து, அச்சு அசலாக ஒட்டிவிட்டான். கைவேலைக்காரன்.

ஜூலை 5

பேத்தி அவசரமாக வந்தாள். குனிந்து பார்த்தாள். “நல்லவேளை, அசையவே இல்லை.” மேடையை மூட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஜூலை 11

போச்சு. உச்சி சரிந்து மேடை போச்சு, கடை போச்சு. நின்றவர்களையெல்லாம் இழுத்துவிட்டுக் கடைசியாக வந்தான் என் பிள்ளை — கால் பாறைக்கடியில் — ஐயோ.

ஜூலை 14

வலது காலை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 20

ஆஸ்பத்திரிக்குப் பேத்தி வந்தாள். “கண்ணாடி முழுசா இருந்துச்சே மாமா, எப்படி?” அவன் சொல்லிவிட்டான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உடையறதுக்குத்தான் மாமா அதை வச்சதே.”

கத்தவில்லை. கத்தித் தொலைத்திருக்கலாம். உடைவதற்கென்றே ஒரு பொருளை வைப்பார்களா? நாங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

ஆகஸ்ட் 6

அக்கரைக்குப் போய், பேத்தி போட்ட கையெழுத்தை விசாரிக்கிற அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய துண்டு, புதுத் துண்டு எல்லாம் கடலுக்குள். “பேத்திக்காக இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்றீங்களே பாட்டி” என்று டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். நம்பவில்லை.

அக்டோபர் 19

வாசலிலிருந்து பார்த்தால் உச்சியில் வெள்ளைச் சாம்பல் பட்டை தெரிகிறது. தோல் உரிந்த இடம் மாதிரி. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் துணி காயப்போடுகிறேன்.

இன்று போனில் பேத்தி. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாளாம். மாமா நடக்கிறாரா என்று கேட்டாள். கட்டை வைத்து நடக்கிறான் என்றேன். “எப்ப வர்றே?” “வரமுடியாது பாட்டி.” அப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

இளைத்திருந்தாலும் பரவாயில்லை, முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.