ஓடையோரத்து வல்லாரை

சனி இரவு, இறம்பொடை

குடும்பமாகக் கூடாரம் போட்டுத் தங்குவது இதுவே முதல் தடவை. மழையில் விறகு நனைந்து அடுப்பு பற்றவில்லை. அப்பா உற்சாகமாக ஓடையோரத்து வல்லாரையைப் பறித்து, அதே ஓடையில் அலசி, தேங்காய்ப்பூ போட்டுப் பச்சையாகவே சம்பல் பிசைந்தார். காலையில் ஓடையின் மேற்பக்கம் ஒருவர் பூச்சிமருந்து தெளிக்கும் டேங்கைக் கழுவியதை நான் பார்த்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

"பசியில்லப்பா" என்றுதான் வந்தது.

"கெம்பஸ் போயி படிக்கிற புள்ளைக்கு எலதழை எறங்காது!" என்று அப்பா சிரித்தார்.

"அவ பங்கையும் எனக்கே வைங்க மாமா," என்றார் அண்ணி. அவருக்கு இது மூன்றாம் மாதம். இரண்டு பங்கையும் பாண் ரொட்டியோடு சாப்பிட்டார்.

இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிறார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்பான். இருந்தும் பக்கத்துக் கூடாரத்தில் தூங்கும் அவனை எழுப்பப் போகிறேன்.